அரசியல் அறிவியலில் பாலின ஆய்வு: சிங்கப்பூரில் முனைவர் பட்டம் படிக்க நினைக்கும் தமிழர்களுக்குக் கேள்வி பதில்

பாலின ஆய்வு என்றால் நாடாளுமன்றத்தில் எத்தனை பெண்கள் என்று எண்ணுவதுதானே?

எண்ணுவதில் தொடங்கலாம், தப்பில்லை. 1959 தேர்தலில் 51 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு 5 பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்த ஐவரில் ஒருவரான சான் சோய் சியோங் 1970-ல் விலகிய பிறகு 1984 வரை சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. 1984 இறுதியில் நடந்த தேர்தலில் மூவர் வந்தார்கள். 2020 தேர்தலில் வென்ற 93 பேரில் 27 பேர் பெண்கள். முழு அமைச்சராக ஒரு பெண் பொறுப்பேற்றது 2009-ல்தான்.

இந்த எண்களைப் பார்த்ததும் வருகிற கேள்விகள்தான் ஆய்வு. விடுதலைக்கு முன்பே 5 பேர் இருந்த இடத்தில் 14 ஆண்டுகள் ஏன் யாருமே இல்லை? வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்தத் தகுதியைப் பார்த்து? பெண்கள் உள்ளே வந்த பிறகு விவாதிக்கப்படும் விஷயங்கள் மாறினவா, இல்லை முகங்கள் மட்டும் மாறினவா? அவைக்கு வெளியேயும் ஏகப்பட்டது இருக்கிறது. எது குடும்பம் என்று அரசு எப்படி முடிவு செய்கிறது, யார் ராணுவப் பயிற்சிக்குப் போக வேண்டும், யார் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து இங்கே வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதிகாரம் பற்றிய கேள்விகள். அதனால்தான் இது அரசியல் அறிவியலுக்குள் வருகிறது.

இதற்கென்று தனி முனைவர் பட்டம் சிங்கப்பூரில் இருக்கிறதா? எங்கே சேர்வது?

‘அரசியல் அறிவியல் மற்றும் பாலின ஆய்வு’ என்று இரண்டையும் சேர்த்துப் பெயரிட்ட பட்டத்தை இங்கே தேட வேண்டாம். ஒரு துறையில் சேர்ந்து, பாலினத்தை உங்கள் ஆய்வின் மையமாக வைத்துக்கொள்வதுதான் வழி. அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் இரண்டு துறைகளும் சேர்ந்த கூட்டுப் பட்டம் தருகின்றன. இங்கே அந்தச் சேர்க்கையை நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

நேரடியான இடம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறை. சட்டம் எப்படி நடைமுறைக்கு வருகிறது, ஒரு கொள்கை யாருக்கு நன்மை செய்கிறது என்பதில் ஆர்வம் இருந்தால், அதே பல்கலைக்கழகத்தின் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியைப் பாருங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கை, உலக விவகாரத் துறை இருக்கிறது. போர், பாதுகாப்பு, அகதிகள், அமைதிப் பேச்சு ஆகியவற்றில் பெண்களின் இடத்தை ஆராய விரும்பினால் அங்கேயே எஸ். ராஜரத்தினம் அனைத்துலக ஆய்வுப் பள்ளி உண்டு. (யாழ்ப்பாணத்தில் பிறந்து, நம் தேசியப் பற்றுறுதியை எழுதிய அதே ராஜரத்தினத்தின் பெயரில் அமைந்த பள்ளி.) சமூகவியல் துறையையும் தெற்காசிய ஆய்வுத் திட்டத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். குடும்பம், பராமரிப்பு, புலம்பெயர்வு பற்றிய ஆழமான ஆய்வுகள் இங்கே சமூகவியலிலும் புவியியலிலும்தான் நிறைய நடந்திருக்கின்றன. தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆய்வுக் கழகத்தில் நடக்கும் கருத்தரங்குகளில் பல பொதுமக்களுக்கும் திறந்தவை. சேருவதற்கு முன்பே போய் உட்கார்ந்து கேளுங்கள். யார் எதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்பது துறைப் பக்கத்தில் படிப்பதைவிட அங்கே நன்றாகப் புரியும்.

நான் படித்தது தமிழ் இலக்கியம். அரசியல் அறிவியலுக்கு எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, ஆனால் சும்மா நடக்காது. வேறு துறையிலிருந்து வருபவர் அரசியல் அறிவியலின் மொழியில் சிந்திக்க முடியும் என்பதை விண்ணப்பத்திலேயே காட்ட வேண்டும். பிரதிநிதித்துவம், அரசு, குடியுரிமை, ஒப்பீட்டு அரசியல் ஆகியவற்றின் அடிப்படை நூல்களை ஓராண்டு ஒழுங்காகப் படியுங்கள். முடிந்தால் ஒரு முதுநிலைப் பட்டத்தை இடையில் முடியுங்கள். இலக்கியம் படித்தவருக்கு ஒரு பலம் இருக்கிறது: ஒரு பேச்சையோ தலையங்கத்தையோ நுணுக்கமாக வாசிக்கத் தெரியும். அதைக் கைவிட்டுவிட வேண்டாம். நாடாளுமன்ற உரைகளை அப்படி வாசித்து எழுதப்பட்ட ஆய்வுகளுக்கு இந்தத் துறையில் நல்ல மதிப்பு உண்டு.

ஆண்கள் இதைப் படிக்கலாமா?

தாராளமாக. பாலினம் என்பது ஆண்களையும் பற்றியது. 1967 முதல் ஆண்களுக்கு மட்டும் கட்டாயமாக இருக்கும் தேசிய சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். குடிமகன் என்றால் யார் என்ற எண்ணத்தை அது எப்படி வடிவமைத்தது என்பது ஒரு முழு ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கும் விடுதிகளில் இருக்கும் ஊழியர்களைப் பாருங்கள். வேலை அனுமதிச் சீட்டில் வருபவர் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. கணவனாகவும் தகப்பனாகவும் தொலைபேசியிலேயே வாழும் இந்த ஆண்களைப் பற்றித் தமிழில் பேசி ஆராயக்கூடியவர்கள் சிலரே.

நல்ல ஆய்வுக் கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘சிங்கப்பூர்ப் பெண்களும் அரசியலும்’ என்று வைக்கலாமா?

அது தலைப்பு, இன்னும் கேள்வி ஆகவில்லை. பொருந்தாமல் நிற்கும் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். அவை சேரும் இடத்தில் பெரும்பாலும் கேள்வி இருக்கும். சில எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன்.

பல வேட்பாளர்கள் ஒரே குழுவாகப் போட்டியிடும் குழுத்தொகுதி முறை 1988-ல் வந்தது. அதன்படி ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒரு வேட்பாளராவது இருந்தே ஆக வேண்டும். இனத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு செய்த நாடு, பாலினத்துக்கு ஏன் செய்யவில்லை? இனப் பிரதிநிதித்துவம் சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டியது என்றும், பெண்களின் பிரதிநிதித்துவம் தகுதி அடிப்படையில் தானாக வரும் என்றும் சொல்ல எந்த வாதங்கள் உதவின? சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த பெண்ணை வேட்பாளராக நிறுத்தும்போது கட்சிகள் என்ன கணக்குப் போடுகின்றன? இந்தக் கேள்வியை வைத்து மலேசியா, இந்தியா, தைவான் என்று ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். இந்தியாவில் உள்ளாட்சி அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்பது 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்குமான இட ஒதுக்கீட்டுத் திருத்தம் 2023-ல்தான் நிறைவேறியது. உள்ளூரில் கிடைத்தது மேலே போக ஏன் 30 ஆண்டு ஆனது? இதுவும் அதே வகைக் கேள்விதான்.

சிங்கப்பூர் அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவைப் படியுங்கள். சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் குடிமக்களிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பால் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 1961-லேயே மாதர் சாசனம் வந்து, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவருக்கு ஒரு துணை என்பதைச் சட்டமாக்கியது. பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான ஐநா உடன்படிக்கையில் சிங்கப்பூர் 1995-ல் சேர்ந்தது. வீட்டுக்குள் இவ்வளவு முன்னே போன சட்டம் அரசியலமைப்பில் ஏன் அந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டது?

பட்டம் பெற்ற பெண்கள் திருமணம் செய்துகொள்வதில்லை என்று 1983 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ குவான் இயூ கவலைப்பட்டுப் பேசினார். அடுத்த ஆண்டே, பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் வந்தது. மக்கள் விரும்பவில்லை, 1985-ல் கைவிடப்பட்டது. அதே 1985-ல்தான் அவேர் என்ற பெண்கள் அமைப்பும் பிறந்தது. அரசின் ஒரு பேச்சு, அதற்கு எதிரான ஓர் இயக்கத்துக்கு எப்படி வழி திறக்கிறது? நம் வீட்டுப் பெண்கள் அந்த விவாதத்தை எப்படிக் கேட்டார்கள்? அந்தப் பேச்சில் சொல்லப்பட்ட ‘படித்த பெண்’ எந்த இனத்துப் பெண்?

வீட்டு வசதியை மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் பாலின அரசியலின் பெரும்பகுதி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வாசலில்தான் நடக்கிறது. திருமணமாகாத குடிமக்கள் தனியாக வீவக வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். திருமணமாகாத தாய்க்கு 2017 முதல் முழு 16 வாரப் பேறுகால விடுப்பு கிடைக்கிறது, ஆனால் பிள்ளை பிறந்தால் அரசு தரும் பேபி போனஸ் ரொக்கம் கிடையாது. எதில் அரசு இறங்கி வந்தது, எதில் வரவில்லை என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் ஆய்வு.

ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நீக்கியபோது, திருமணத்தின் வரையறையை நாடாளுமன்றமே முடிவு செய்யும் வகையில் அரசியலமைப்பையும் சேர்த்துத் திருத்தினார்கள். ஒன்றைத் தளர்த்தும்போது இன்னொன்றை ஏன் இறுக்க வேண்டியிருந்தது என்ற கேள்விக்குச் சட்டம், சமயம், தேர்தல் மூன்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அரசியல் அறிவியல் மாணவருக்கு இதைவிடச் சிறந்த களம் சுலபத்தில் அமையாது.

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆய்வேடு ஆங்கிலத்தில்தானே, தமிழால் என்ன பயன்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். சிங்கப்பூரின் பாலின வரலாறு பெரும்பாலும் ஆங்கில ஆவணங்களை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் இருப்பதை வாசித்துச் சொல்ல ஆள் குறைவு. நீங்கள் வாசிக்க முடியும். அதைவிடப் பெரிய தகுதி வேறொன்றும் தேவையில்லை.

1929-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார் சிங்கப்பூரிலும் பேசினார். 1932-ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. 1935-ல் தமிழ் முரசு இதழ் வந்தது. அதை நடத்திய கோ. சாரங்கபாணியும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் திருமணம், சாதி, பெண்கல்வி பற்றி விடாமல் எழுதினார்கள். மாதர் சாசனத்தைப் பற்றிப் படிக்கும்போது 1952-ல் தொடங்கிய சிங்கப்பூர் மாதர் மன்றமும் அதை முன்னின்று நடத்திய ஷிரின் ஃபோஸ்தாரும், மக்கள் செயல் கட்சியின் பெண்கள் பிரிவும் வருகின்றன. வர வேண்டியதுதான், அவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் திருமணம் என்பது குடும்பப் பெரியவர்கள் கையிலிருந்து மாறி, பொதுவில் விவாதிக்கும் விஷயமாகத் தமிழர்களிடையே எப்போது ஆனது, அதில் பெண்கள் எழுதினார்களா, இல்லை பெண்களைப் பற்றி ஆண்கள் மட்டும் எழுதினார்களா என்று கேட்டுப் பழைய இதழ்களைப் புரட்டினால், 1961-க்கு முன்னால் ஒரு முழு அத்தியாயம் இருப்பது தெரியும். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசு இருக்கிறது. சொல்லைக் கொடுத்துத் தேடுவதை மட்டும் நம்பாமல் பக்கம் பக்கமாகப் பாருங்கள். பெண்கள் பகுதி, ஆசிரியருக்குக் கடிதம், திருமண அறிவிப்பு ஆகிய மூன்றும் தலையங்கத்தைவிட அதிகம் சொல்லும்.

1943-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் அமைத்த ஜான்சி ராணிப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பிறந்து இங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். அவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவருக்குக் கீழே துப்பாக்கி பிடித்தவர்களில் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். அவர்களுக்கு அந்தப் படை என்னவாக இருந்தது? நாடா, தோட்டத்திலிருந்து வெளியேறும் வழியா, ஒழுங்கான சாப்பாடா, கங்காணியிடம் தலை குனியாமல் நிற்கும் வாய்ப்பா? போர் முடிந்து தோட்டத்துக்கே திரும்பிய பிறகு அவர்கள் தொழிற்சங்கத்தில் என்ன செய்தார்கள்? பெண்கள் ஆயுதம் ஏந்துவதும் அரசியல் உரிமையும் எப்படித் தொடர்புடையவை என்பது உலகம் முழுவதும் கேட்கப்படும் கேள்வி. அதற்கு நம்மிடம் இருக்கும் பதில் இன்னும் முழுதாக எழுதப்படவில்லை.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் நேர்காணல்களைப் பதிவு செய்துவருகிறது. தமிழில் பேசியவர்களும் அதில் உண்டு. எழுத்துப்படியை மட்டும் வாசிக்காமல் ஒலியைக் கேளுங்கள். எந்த இடத்தில் குரல் தாழ்கிறது, எந்த இடத்தில் ‘அதெல்லாம் எதுக்கு இப்ப’ என்று பேச்சை மாற்றுகிறார் என்பதைத் தமிழ்க் காதுதான் பிடிக்கும். நாடாளுமன்றத்தில் தமிழில் ஆற்றப்பட்ட உரைகளையும் பாருங்கள். ஒரே உறுப்பினர் ஒரே விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் தமிழில் இன்னொரு மாதிரியும் பேசுகிறாரா? தமிழில் பேசும்போது பெண்கள் தாய்மாராகவும் சகோதரிகளாகவும் ஆகிவிடுகிறார்களா? கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

இன்று வாழ்பவர்களையும் மறக்கக்கூடாது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பணிப்பெண்கள் இந்த நாட்டின் வீடுகளை நடத்துகிறார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். வேலை நியமனச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது 2013-ல்தான் விதியானது. கருவுற்றால் வேலை அனுமதி ரத்தாகும். உள்ளூர்ப் பெண்கள் வேலைக்கும் அரசியலுக்கும் வர முடிவது இவர்களின் உழைப்பின் மேல் நின்றுதான். இரண்டு பெண்களையும் ஒரே ஆய்வில் சேர்த்துப் பார்க்கும் துணிவு வேண்டும். 1989-ல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, இனமும் பாலும் சேர்ந்து தாக்கும் இடத்தை இன்டர்செக்‌ஷனாலிட்டி என்று பெயரிட்டுச் சொன்னார். இங்கே அதோடு குடியுரிமையும் வேலை அனுமதியும் சேர்கின்றன.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் கடைசியாக எழுதிய மூன்று நான்கு கட்டுரைகளை வாசியுங்கள். பிறகு ஒரு பக்கத்துக்கு மிகாமல் மின்னஞ்சல் எழுதுங்கள்: உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்த வாதத்தோடு அது உரசுகிறது, என்ன ஆதாரத்தை வைத்து ஆராயப் போகிறீர்கள். ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தங்கள் மேலான வழிகாட்டுதலில்’ என்று நம் வழக்கப்படி மரியாதையை நீட்டிக்கொண்டே போனால் கேள்வி அடியில் போய்விடும்.

பாலின ஆய்வில் தேர்ந்தவர் உங்கள் துறையில் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். முறையியலில் வலுவான ஒருவரை முதன்மை வழிகாட்டியாக வைத்து, ஆய்வுக் குழுவில் சமூகவியலிலிருந்தோ புவியியலிலிருந்தோ இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்: அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தருகிறார், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எப்படி நடந்துகொள்கிறார் என்று கேளுங்கள். நான்கைந்து ஆண்டு உறவு இது.

நான்கு ஆண்டுகளில் என்னென்ன நடக்கும்?

முதலில் பாடங்கள்: அரசியல் அறிவியலின் கோட்பாடு, ஆய்வு முறை, ஒப்பீட்டு அரசியல் போன்றவை. அப்புறம் தகுதித் தேர்வு. அதைத் தாண்டிய பின் ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் வைத்துப் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும். மனிதர்களைப் பேட்டி காண்பதென்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி. பிறகு களப்பணி, எழுத்து, வாய்மொழித் தேர்வு. இடையில் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பும் பெரும்பாலும் வரும். நான்கு ஆண்டு என்பது திட்டம். தமிழ் இதழ்களையும் நேர்காணல்களையும் நம்பிய ஆய்வு அதற்கு மேல் போவது சகஜம், ஏனென்றால் எழுத்துப்படி எடுப்பதும் மொழிபெயர்ப்பதும் யாரும் கணக்கில் சேர்க்காத வேலை. திட்டம் போடும்போதே அதற்கு நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

கணக்கு, புள்ளிவிவரம் தெரிந்திருக்க வேண்டுமா?

அடிப்படை வேண்டும். அரசியல் அறிவியல் துறைகள் அதைக் கட்டாயமாகவே கற்றுத் தருகின்றன. நேர்காணலை நம்பி ஆய்வு செய்பவரும் ஒரு கருத்தாய்வின் அட்டவணையைச் சந்தேகத்தோடு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘இந்தியர்’ என்று ஒரே கட்டத்தில் போடுவதில் தமிழ்ப் பெண் எங்கே போனாள் என்று கேட்க அது உதவும்.

பணத்துக்கு என்ன வழி?

முனைவர் பட்டத்துக்கு முழுநேரமாகச் சேர்பவர்களில் பலர் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உபகாரச் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள். கல்விக் கட்டணம் கழிந்து மாதப் படியும் கிடைக்கும். குடிமக்கள், நிரந்தரவாசிகள், வெளிநாட்டவர் என்று தொகை வேறுபடும். சிங்கா என்ற பெயரில் வெளிநாட்டு மாணவர்களிடையே பிரபலமான விருது அறிவியல், பொறியியல் துறைகளுக்கானது. அதில் விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கல்வி உபகாரச் சம்பளத்தில் ஒப்பந்தம் இருந்தால், படித்து முடித்த பின் எத்தனை ஆண்டு, எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் முழுதாகப் படியுங்கள்.

குடும்பத்தோடு இருப்பவருக்கு மாதப் படி இழுபறியாகத்தான் இருக்கும். இதை மறைத்துச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்க வழி இருக்கிறதா என்று துறையிடம் நேரடியாகக் கேளுங்கள். அப்படிச் சேர்ந்தால் உபகாரச் சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்தவர்களையே பேட்டி எடுக்கலாமா? நம் சமூகம் சிறியதாயிற்றே.

சிறியதாக இருப்பதால்தான் மிகுந்த கவனம் வேண்டும். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ‘உட்லண்ட்ஸில் இருக்கும், இரண்டு முறை சமூக மன்றக் குழுவில் இருந்த, விவாகரத்தான தமிழாசிரியை’ என்று எழுதினால் பெயரே தேவையில்லை, தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டே யாரென்று சொல்லிவிடுவார்கள். வட்டாரம், வேலை, குடும்பநிலை ஆகியவற்றில் எதை விடுவது, எதை மாற்றுவது என்பதைப் பேட்டிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கட்சியிலோ அடித்தள அமைப்பிலோ இருந்த தமிழ்ப் பெண்கள் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அளவுதான் என்றால், அவர்களைத் தனித்தனி மனிதராகக் காட்டாமல், பலர் சொன்னதை ஒன்றாகத் தொகுத்து எழுதலாம்.

அத்தை, சித்தி என்று அழைக்கும் உறவில் இருப்பவரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினால், ‘என்னம்மா, நமக்குள்ளே என்ன கையெழுத்து’ என்பார். அந்த அன்பை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆய்வை யார் படிப்பார்கள், பிறகு மனம் மாறினால் எப்படி விலகலாம் என்பதைத் தமிழிலேயே பொறுமையாக விளக்குங்கள். பேட்டி முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். வன்முறை, கருக்கலைப்பு, சொத்துத் தகராறு பற்றிப் பேச்சு வரும் என்றால் வீட்டில் வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். அடுத்த அறையில் யார் இருக்கிறார் என்பது பேசுபவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. பணிப்பெண்களை அவர்களின் முதலாளி வழியாக அணுகவே வேண்டாம். ‘அவளைப் பேசச் சொல்கிறேன்’ என்று முதலாளி சொன்ன பிறகு, அந்தப் பெண் மறுக்க முடியுமா?

சிங்கப்பூரில் அரசியலைப் பற்றி ஆராய்ந்தால் சிக்கல் வராதா? யாராவது பேசுவார்களா?

இங்கே அரசியல் ஆய்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது, கூர்மையான ஆய்வுகளும் வருகின்றன. ஆதாரத்தோடு, அவதூறு இல்லாமல், முறைப்படி அனுமதி வாங்கிச் செய்யுங்கள். அதிகாரிகள் தங்கள் பெயரில் பேசத் தயங்குவார்கள். அதற்குப் பொதுவில் கிடைப்பதை முதலில் முழுதாகக் கறந்துவிடுங்கள்: நாடாளுமன்ற அறிக்கைகள், தெரிவுக்குழு அறிக்கைகள், ஐநாவுக்கு அரசும் பெண்கள் அமைப்புகளும் தனித்தனியே அனுப்பிய அறிக்கைகள், பெண்கள் மேம்பாடு குறித்த 2022 வெள்ளை அறிக்கையின் 25 செயல்திட்டங்கள். இவற்றை வாசித்துவிட்டுப் போனால், ஓய்வுபெற்ற அதிகாரியோ முன்னாள் உறுப்பினரோ உங்களை வேறு மாதிரி நடத்துவார். யாரும் பேசாத இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எதைப் பற்றிப் பேச மறுக்கிறார்கள் என்பதும் ஆய்வுக்கு ஆதாரமே.

கைக்குழந்தை இருக்கிறது. இப்போது தொடங்கலாமா?

தொடங்கியவர்கள் இருக்கிறார்கள், முடித்தும் இருக்கிறார்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததும் விடுப்பு விதிகளையும், உபகாரச் சம்பளம் பெறும் மாணவர்களுக்கான பேறுகால ஏற்பாட்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊழியர்களுக்கான சட்டம் மாணவர்களுக்கு அப்படியே பொருந்தாது. வீட்டில் யார் எந்த நாள் பிள்ளையைப் பார்ப்பது என்பதைக் கணவரோடு தெளிவாகப் பேசுங்கள். மாமியார் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு பேரும் சேர்ந்து நினைத்துக்கொள்வது ஏற்பாடு ஆகாது. முதலில் மாமியாரைக் கேட்க வேண்டும்.

‘இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

நியாயமான கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர் வேலை உலகெங்கும் அரிது, இங்கேயும்தான். அதை மட்டும் நம்பிச் சேராதீர்கள். கொள்கை ஆய்வுக் கழகம், ஐசியாஸ் யூசோஃப் இஷாக் கழகம் போன்ற ஆய்வு நிறுவனங்கள், அமைச்சுகளின் கொள்கைப் பிரிவுகள், அவேர் போன்ற பெண்கள் அமைப்புகள், வெளிநாட்டு ஊழியர்களுக்காக உழைக்கும் ஹோம் அமைப்பு, ஐநா நிறுவனங்கள், தனியார் ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றில் இந்தப் பயிற்சிக்கு இடம் உண்டு. நேர்காணலை முறையாக எடுக்கவும் தரவைப் பகுக்கவும் தெரிந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதக்கூடிய ஒருவர் எந்த அலுவலகத்துக்கும் பயன்படுவார். படிக்கும்போதே ஒரு பெண்கள் அமைப்பிலோ ஊழியர் அமைப்பிலோ தொண்டூழியம் செய்தால் இரண்டு பக்கமும் உதவும்.

விண்ணப்பிக்கும் முன் வரும் மாதங்களில் என்ன செய்யட்டும்?

ஆகஸ்டு சேர்க்கைக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடுவது வழக்கம், அதனால் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் உட்கார்ந்து ஏதாவது ஓர் ஆண்டின் தமிழ் முரசை முழுதாகப் படியுங்கள். 1961 நல்ல தொடக்கம். மாதர் சாசனம் பற்றி அன்றைய சட்டமன்றப் பதிவில் இருப்பதையும் செய்தித்தாளில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பிலிருந்து ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று எழுதி, இந்தத் துறையைப் பற்றி எதுவும் தெரியாத நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் கேள்வி என்ன என்று அவரால் ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல முடிந்தால் அந்தக் கட்டுரையையே விண்ணப்பத்தின் எழுத்து மாதிரியாக ஆங்கிலத்தில் வளர்க்கலாம். முடியாவிட்டால் கேள்வியை இன்னும் சுருக்குங்கள்.